தோணியில் வந்த கல்யாணத் தயிர்

என் அக்கா றஸ்னா ராத்தாவின் கல்யாணத்தில் எனக்கென்று யாரும் ஒரு வேலையும் தரவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. நின்றாலும் குறுக்கே நிற்கிறேனாம், உட்கார்ந்தாலும் குறுக்கே இருக்கிறேனாம். வந்த மாமிமார் எல்லாரும் அதையே சொன்னார்கள். கோபத்தோடு பின்வாசலைத் திறந்துகொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன்.

ஆம், எங்கள் பின்வாசலில் ஆறுதான். அந்த வீட்டில்தான் நான் பிறந்தேன். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு மூத்த பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை அங்கே வந்துவிடுவார். மற்றவர்கள் வேறு வீட்டுக்குப் போக வேண்டும். நாங்களும் நிந்தவூர் மெயின் ரோட்டில் கட்டிய வீட்டுக்குப் போவதாக இருந்தோம். அதை நினைத்து ராத்தா ஒரு வாரமாக அழுதுகொண்டே இருந்தார். வீடு கிடைத்தவருக்கே அவ்வளவு அழுகை என்றால் எனக்கு எவ்வளவு இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கரையில் என் அண்ணன் இஹ்ஸான் காக்கா தோணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மேலாற்றில் இளையதம்பி மாமாவின் எருமைப் பட்டி இருக்கிறது. கல்யாணத் தயிர் அங்கிருந்துதான் வரவேண்டும். வண்டியில் கொண்டுவந்தால் வயல் பாதையின் குண்டு குழிகளில் குலுங்கித் தயிர் தண்ணீராகிவிடும். ஆற்றில் வந்தால் சட்டி அசையாது.

எங்கள் ஊரில் கல்யாணச் சோற்றை சஹன் என்ற பெரிய தட்டில் வைத்து, அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். கடைசியில் அந்தச் சோற்றில் தயிரும் சீனியும் வாழைப்பழமும் விழவேண்டும். விழாவிட்டால் அக்கரைப்பற்றிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் காலம் முழுக்க ராத்தாவிடம் சொல்லிக் காட்டுவார்கள்.

காக்கா அப்போதே புது வெள்ளைக் காற்சட்டையும் புதுச் சட்டையும் போட்டு அத்தரும் பூசியிருந்தார். அத்தர் எருமைகளுக்கா என்று கேட்டுக்கொண்டே நான் தோணியில் குதித்தேன். என்னை இறக்கிவிட அவருக்கு நேரமில்லை.

போகும்போது ஆறு நிறைந்திருந்தது. காக்கா நீண்ட கோலை ஊன்றித் தள்ளத் தள்ளத் தோணி நடு ஆற்றில் வழுக்கிக்கொண்டு போனது. பட்டியில் இளையதம்பி மாமா சட்டிகளைத் தோணியில் அடுக்கி, ஒன்றோடொன்று முட்டாமல் இடையில் வைக்கோல் திணித்துத் தந்தார்.

பாதி வழி திரும்பியதும்தான் கவனித்தேன். காலையில் தண்ணீருக்குள் நின்ற நாணல் இப்போது சேற்றில் நின்றது. வயல்கள் அறுவடைக்குக் காயவேண்டும் என்று மேலே அணையில் கதவை இறக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த நாள்தான். கல்யாண அவசரத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

காக்கா வந்த வழியே நடு ஆற்றில் விட்டார். தோணி மணலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரு சட்டி சரிந்து உடைந்தது.

காக்கா கோலை ஊன்றிப் பலமாகத் தள்ளினார். சட்டிகள் எல்லாம் கிடுகிடுத்தன.

"தள்ளாதீங்க காக்கா. இன்னும் ரெண்டு தள்ளு தள்ளினா ஒரு சட்டியும் மிஞ்சாது."

"அப்ப இங்கேயே இரிக்கிறதா? அங்க சோறு வச்சிருவாங்க, புள்ள."

"இறங்குங்க. தோணி தானா எழும்பும்."

காக்கா தன் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்தார். பிறகு முதலை இருக்கும் என்றார். அடி மணல் தெரிகிற தண்ணீர் அது. அதில் ஒளிய வேண்டுமானால் முதலை பல்லி அளவாக இருக்க வேண்டும். அதை நான் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். தோணி மெல்ல எழும்பியது.

"தோணியில இருந்த பெரிய சட்டி நீங்கதான்" என்றேன்.

ஆனால் எந்தப் பக்கம் போவது? முன்னால் மணல் திட்டுகள். தண்ணீர் மூன்று நான்காகப் பிரிந்து ஓடியது. எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிந்தது. தவறான வழியில் போய் இன்னொரு முறை முட்டினால் ராத்தாவின் கல்யாணத்துக்குத் தயிர் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் கண் தெரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

சட்டிகளுக்கு இடையிலிருந்து ஒரு பிடி வைக்கோல் எடுத்துத் தண்ணீரில் போட்டேன். சில துண்டுகள் திட்டில் ஒட்டிக்கொண்டன. சில ஓரமாகப் போய்ச் சுழன்று நின்றன. மற்றவை இடது கரைக்குத் திரும்பி, சாய்ந்து நின்ற மரத்தின் அடியால் வேகமாகப் போயின.

"அந்தப் பக்கம் காக்கா. தண்ணி கூடுதலா எங்க போகுதோ, வைக்கலும் அங்கதான் போகுது."

மரத்தடியில் வேர் இருக்கும் என்று காக்கா தயங்கினார். கோலை விட்டுப் பாருங்கள் என்றேன். கோல் இடுப்பளவு உள்ளே இறங்கியது, வேர் எதிலும் தட்டவில்லை. தோணி அந்த வழியே வழுக்கிக்கொண்டு போனது.

அதன்பிறகு நான் முன்னால் இருந்து வைக்கோலைப் போடப் போட, காக்கா தோணியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வைக்கோல் குறையக் குறைய சட்டிகள் முட்டத் தொடங்கின. என் புதுச் சால்வையைக் கழற்றி இடையில் திணித்தேன். அதுவும் போதவில்லை. காக்கா தன் புதுச் சட்டையைக் கழற்றி நீட்டினார். அப்போது அவர்மேல் எனக்கு வந்த பாசம் முன்னே ஒருநாளும் வந்ததில்லை.

நாங்கள் பின்வாசலுக்கு வந்தபோது முன்பக்கத்தில் சஹன் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். வாப்பா ஓடிவந்து சட்டிகளை இறக்கினார். உடைந்தது அந்த ஒன்றுதான்.

மணப்பெண் வெளியே வரக்கூடாது என்று உம்மா காவல் இருந்தும், தோணிச் சத்தம் கேட்டு ராத்தா பின்வாசலுக்கு வந்துவிட்டார். இடுப்பு வரை சேறும் மேலே பெனியனுமாக நின்ற காக்காவைப் பார்த்தார். தலையெல்லாம் வைக்கோலாக நின்ற என்னையும் பார்த்தார். ஒரு வாரமாக அழுத ராத்தா, கண்மை கரையும்வரை சிரித்தார். திட்ட வந்த உம்மாவும் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் நாங்கள் ரோட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். இங்கே பின்வாசலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில்தான். எனக்கு ஆற்றின் நினைவு வராத நாளில்லை.

ராத்தா வீட்டுக்குப் போனால், எத்தனை பேர் இருந்தாலும் எனக்குத்தான் முதலில் தயிர் வைப்பார். நான் பிறந்த வீட்டிலேயே எனக்கு விருந்துபசாரமா என்று ஒருநாள் கோபித்துக்கொண்டேன்.

"நீ என்னத்துக்கு விருந்தாளி?" என்றார் ராத்தா. "இந்த வீட்டுத் தோணிக்காரி நீதான். பேசாம சாப்பிடு."