இரும்பாயி தெருவுக்கு வந்த மிலிட்டரி வண்டி

சாமிதுரையின் மாட்டுக் கொட்டகைக்கு மணிவேல் முதன்முதலாகப் போனது 2004 கோடையில், மண்டையைப் பிளக்கும் உச்சி வெயிலில். பாடாலூர் ஹைவேயில் லாரிப் பட்டறை வைத்திருந்தவன் மணிவேல். எப்பேர்ப்பட்ட வண்டியும் அவன் கை பட்டால் ஓடும் என்று திருச்சி வரைக்கும் பேச்சு. அப்பா கூலி, தாத்தா பண்ணையாள். அந்த வம்சத்தில் தன் பெயருக்குப் போர்டு மாட்டிய முதல் ஆள் அவன்தான். போர்டு அவனுடையது. போர்டு தொங்கிய கட்டடம் பண்ணை வீட்டுச் சாமிதுரையுடையது.

வைக்கோலை ஒதுக்கியதும் வண்டி தெரிந்தது. உலகப்போரில் ஓடிய சப்பை மூக்கு மிலிட்டரி லாரி. சாமிதுரையின் தாத்தா, போர் முடிந்து பட்டாளம் கழித்து விற்ற டிஸ்போசலில் எடுத்தது. இப்போது மிஞ்சியிருந்தது சேசிஸும் கேபினும் மட்டும். கழுகு தின்ற மாடு மாதிரி கிடந்தது. மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டான். அந்தக் காலத்தில் களவு போய்விட்டது என்று சொன்ன சாமிதுரை, அதைச் சொல்லும்போது கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆவணியில் மகன் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் இந்த வண்டியில்தான் வீட்டுக்கு வர வேண்டும், அதுவும் தாத்தா ஓட்டிப் போன தெரு வழியாக.

"ஓட வச்சுட்டின்னா பட்டறை இடத்த உன் பேருக்கே எழுதித் தரேன் மணி. முடியலன்னா இப்பவே சொல்லிடு, இடத்துக்கு வேற ஆளு நிக்கிறான்."

மணிவேல் முடியாது என்று சொல்லிப் பழகியவன் இல்லை.

சாமான்களுக்குச் சென்னை, நாமக்கல் என்று அலைய வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாக எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தன. டயர் வைத்த ஒரு மாட்டுவண்டியின் அடியில் பின் ஆக்ஸில் இருந்தது. பெட்ரோல் டாங்க் ஒரு வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது. ஹெட்லைட்டில் டீக்கடைக்காரர் சில்லறை போட்டு வைத்திருந்தார். எஞ்சின் குரும்பலூரில் ஒரு கிணற்றுமேட்டில் பம்புசெட்டாக ஓடி ஓய்ந்து கிடந்தது. ஒரே வண்டியின் உறுப்புகள், ஊருக்கு ஒன்றாக.

எஞ்சினை மகன்கள் டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கிணற்றுக்காரர் அங்கமுத்து மணிவேலை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணாச் சேக்காதீங்க தம்பி. பிரிச்சு வச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு."

என்ன காரணம் என்று கேட்டதற்கு, அப்பாரு சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கிணற்றைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மணிவேல் சிரித்துக்கொண்டான். பேய்க்கும் பிசாசுக்கும் பயந்தால் ஹைவேயில் பட்டறை வைக்க முடியுமா? அவன் ஓட வைத்த லாரிகளில் பாதி ரத்தம் பார்த்தவை.

ஆக்ஸில் ஏறிய அன்று ஒரு வாசனை வந்தது. கிரீஸ் நாற்றத்தையும் டீசல் நாற்றத்தையும் தாண்டிக்கொண்டு வந்தது. பிடுங்கிய நாற்றின் பச்சை வாசனை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏரியெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வருஷம் அது. எங்கே நாற்று, எங்கே நடவு? மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

எஞ்சினை இறக்கிய மறுநாள் நடுப்பகல். ஹைவேயில்கூட வண்டி குறைந்திருந்தது. மணிவேல் சேசிஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். நாற்று வாசனை திடீரென்று கனத்தது. கழுத்தைத் திருப்பி முன்பக்கம் பார்த்தான்.

பம்பருக்குக் கீழே இரண்டு கால்கள்.

பெண்ணின் கால்கள். மெட்டி போட்டவை. முழங்கால் வரை சேறு. ஈரச் சேறு.

"யாரு?" என்றான்.

கால்கள் அசையவில்லை. கெண்டைக்காலில் இருந்து ஒரு சொட்டுச் சேற்றுத் தண்ணீர் வழிந்து கணுக்காலில் நின்றது. அதைக்கூட அவன் பார்த்தான்.

புரண்டு வெளியே வந்தபோது யாருமில்லை. சிமென்டுத் தரையில் ஈரத் தடம் மட்டும் இருந்தது. ஒரே ஒரு ஜோடி. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. விரல்கள் வண்டியைப் பார்த்திருந்தன.

தண்ணீர் ஊற்றிக் கழுவினான். மறுநாள் உச்சிக்குத் தடம் மறுபடி இருந்தது. அவனுக்குப் பயம் வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பயத்தைவிடப் பட்டறை பெரிதாக இருந்தது. பத்து வருஷ உழைப்பை ஒரு ஜோடிக் காலுக்காக விட்டுவிட முடியுமா?

எல்லாம் பூட்டியாயிற்று. கிளப்புவதுதான் பாக்கி. செல்ஃப் மோட்டார் எத்தனை தரம் மாற்றியும் எடுக்கவில்லை. பழைய வண்டி என்றால் முன்னால் நின்று அதன் மூக்கில் இரும்பு ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். லேத்தில் புதிதாக ஒரு ஹேண்டில் அடித்து வந்து சுற்றினான். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டு பிசகிவிட்டது. இன்னொன்று அடித்து வந்தான். அதுவும் அப்படியே உதைத்தது. கையில் மாவுக்கட்டோடு அங்கமுத்துவிடம் போய் நின்றான். பழைய ஹேண்டில் எங்கே?

கிழவர் அந்தக் கட்டைப் பார்த்தார். பிறகு ரஞ்சன்குடிக் கோட்டைக்குத் தெற்கே ஓர் ஊரையும், அந்த ஊரின் கீழண்டைத் தெருவையும் சொன்னார். இரும்பாயி தெரு என்று கேட்டால் காட்டுவார்களாம்.

தெரு நடுவே இரண்டு சாண் மேடை. மேடையில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி நட்ட ஒரு இரும்பு. அதன் கழுத்தில் எலுமிச்சை மாலை. கும்பிட வந்தவர்கள் அதை வேல் என்றோ சூலம் என்றோ நினைத்திருக்கலாம். மணிவேலுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இரண்டு மடிப்பாக வளைந்த தண்டு, நுனியில் குறுக்குப் பின். லாரி ஹேண்டில்.

விளக்கேற்றிக்கொண்டிருந்தவள் ஜானகி. சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள், அவனுக்கு அக்கா வயது. வந்த விஷயத்தை அவன் மென்று விழுங்கிச் சொல்லி முடிக்கும்வரை அவள் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தாள்.

"இது எங்கம்மா, தம்பி. பேரு பச்சையம்மாள். நான் அப்பத் தொட்டில்ல கெடந்தேன்."

பண்ணையார், அதாவது சாமிதுரையின் தாத்தா, நடவுக் கூலியைத் தராமல் இழுத்தடித்த வருஷம் அது. அன்றைக்குக் களஞ்சியத்து நெல்லையெல்லாம் லாரியில் ஏற்றித் திருச்சிக்கு அனுப்பப் பார்த்தார். நட்டுக்கொண்டிருந்த பச்சையம்மாள் சேற்றுக் காலோடு கரையேறி வந்து இந்தத் தெருவில் வண்டிக்குக் குறுக்கே நின்றாள். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். பண்ணையாரே ஏறி உட்கார்ந்தார்.

"வெலகுன்னாரு. எங்கம்மா வெலகல. அப்புறம் எங்க தெருவு ஆளு ஒருத்தரக் கூப்பிட்டு ஹேண்டில் போடச் சொன்னாரு. அவரு போட்டாரு."

வண்டி பச்சையம்மாள்மேல் ஏறியது.

காலில் விழ வந்தவள் தானே தவறிச் சக்கரத்தில் விழுந்தாள் என்று பண்ணை சொன்னதே ஊரில் எடுபட்டது. கேஸும் இல்லை, கேள்வியும் இல்லை. ஹேண்டில் போட்ட அந்த ஆள்தான் மறுவாரம் தெருவையே திரட்டிக்கொண்டு பண்ணைக் கொட்டகைக்குப் போனான். போல்ட் போல்ட்டாகக் கழற்றி, ஊர் ஊராகச் சொந்தக்காரர்களிடம் கொடுத்து, இனி இது ஓடக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். ஹேண்டிலைத் தன் கையாலேயே இங்கே நட்டான். அதன் பிறகு அவன் அதிக நாள் இருக்கவில்லை.

மணிவேல் எழுந்துகொண்டான். கேட்டது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றான். ஜானகி துணியை அவிழ்த்து, மாலையைக் கழற்றி, ஹேண்டிலை ஆட்டிப் பிடுங்கி அவன் கையில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. எங்கம்மாவும் எத்தன வருஷந்தான் வண்டிக்குக் காத்துக்கிட்டே நிப்பா? வரட்டும். நிறுத்துறதா வேணாமான்னு அப்ப நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அந்த ஹேண்டிலைப் போட்டு ஒரே சுற்று. எஞ்சின் குதித்துக் கிளம்பியது. அன்றோடு நாற்று வாசனையும் இல்லை, ஈரத் தடமும் இல்லை. போய்விட்டாள் என்று மணிவேல் நினைத்தான். அவள் முன்கூட்டியே போய் இடம் பிடித்திருந்தாள்.

கல்யாணத்தன்று நடுப்பகலில் வண்டி இரும்பாயி தெருவுக்குள் நுழைந்தது. பச்சை பெயின்ட், சாமந்தித் தோரணம், முன்னால் பேண்டு செட்டு. மணிவேல் ஸ்டியரிங்கில், பக்கத்தில் பட்டு வேட்டியோடு சாமிதுரை, பின்னால் புதிதாக அடித்த பலகைத் தட்டில் அலங்கார நாற்காலிகளில் பெண்ணும் மாப்பிள்ளையும். தெரு ஜனம் மொத்தமும் வாசலில் நின்றது.

மேடை கிட்டத்தில் பேண்டு வாசித்தவர்கள் தாமாகவே ஓய்ந்து ஓரம் போனார்கள்.

வாசனை வந்தது.

மணிவேல் நிமிர்ந்து பார்த்தான்.

நின்றுகொண்டிருந்தாள். தூக்கிச் செருகிய புடவை, முழங்கால் வரை சேறு, வண்டியை நோக்கி நீட்டிய ஒரு கை. பேய் முகமாக இருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வா பார்க்கலாம் என்று நிற்கிற சாதாரண முகம்.

பிரேக்கை மிதித்தான்.

"ஏன் நிறுத்துற? போ."

"ஆளு நிக்கிது சார்."

"ஒருத்தரும் இல்ல. போடா." சாமிதுரை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பட்டறை வேணுமா, வேணாமா?"

மணிவேலுக்கு அந்தப் போர்டு ஞாபகம் வந்தது. தன் பெயர் எழுதிய அன்று அப்பா அதைத் தடவிப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

"வேணாம் சார்."

சீட்டுக்கு அடியில் இருந்த ஹேண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினான். சாமிதுரை நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். செல்ஃப் எடுக்கவில்லை. யாராவது ஹேண்டில் போடுங்கடா என்று தலையை நீட்டிச் சத்தம் போட்டார். பேண்டுக்காரர்கள் அசையவில்லை. கூட வந்த அவருடைய ஆட்களே அசையவில்லை. தெருவில் ஒரு குழந்தைகூட இடத்தை விட்டு நகரவில்லை. ஹேண்டிலை மணிவேல் ஜானகியிடம் கொடுத்தான். அவள் அதைப் பழைய குழியில், வண்டியின் மூக்குக்கு நேராக நட்டு, ஒரு கல்லால் அடித்து இறுக்கினாள்.

அப்போது முன் கண்ணாடியில் ஒரு விரல் பதிந்தது.

சேற்று விரல். பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. உள்ளங்கை முழுதாகப் பதிந்து, அதிலிருந்து சேறு வழிந்தது. சாமிதுரையின் முகத்துக்கு நேரே.

அவர் கதவைத் திறந்து இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு வண்டியிலேயே கிடந்துவிட்டது. கல்யாணப் பெண் மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள்.

அந்த வாரமே சாமிதுரையின் ஆட்கள் பட்டறையைப் பூட்டினார்கள். மணிவேல் போர்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் குரும்பலூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் மாட்டினான். ஆடிப்போய்க் கிடந்தவன் நாலு நாளில் தெளிந்துவிட்டான். சாமிதுரை கிரேன் கொண்டு வந்து வண்டியை இழுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அவனுக்குக் கோபம் வந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேரே இரும்பாயி தெருவுக்குப் போனான். ஸ்டியரிங் ராடைக் கழற்றிவிட்டால் எந்தக் கொம்பன் வந்தாலும் வண்டியை நேராக இழுத்துக்கொண்டு போக முடியாது.

ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் சுவர். முன்பக்கமாகத்தான் அடியில் நுழைய முடிந்தது. ராடு கழன்று மார்பில் விழுந்தபோது சூரியன் உச்சியில் இருந்தது. வெளியே வரத் திரும்பினான்.

பம்பருக்குக் கீழே இரண்டு கால்கள். முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. மெட்டியில் ஒட்டியிருந்த நாற்றுத் துணுக்குகூடத் தெரிந்தது.

வெளியே போக அந்த வழி ஒன்றுதான்.

பண்ணையார் சொல்லியும் விலகாத கால்கள். லாரி வந்தும் விலகாத கால்கள்.

"கொஞ்சம் வெலகிக்க ஆத்தா," என்றான் மெதுவாக. "நான் வெளிய வரணும்."

வலது கால் எழுந்தது. காய்ந்து கிடந்த தெருமண்ணிலிருந்து, ஆழச் சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கும் சத்தம் வந்தது. ஓரடி தள்ளிப் பதிந்தது. பின்னாலேயே இடது காலும்.

மணிவேல் ஊர்ந்து வெளியே வந்தான். தெருவில் ஒருவரும் இல்லை. அவன் வந்த வழிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஜோடி ஈரத் தடம் இருந்தது. சட்டையைத் தட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்து, மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தான்.

பக்கத்துத் தடம் காய்ந்துவிட்டிருந்தது. வண்டிக்கு நேர் முன்னால், பழைய இடத்தில், ஈரம் ஊறி மேலே வந்துகொண்டிருந்தது.