கட்டில் மேல் முப்பத்தொரு கவர்

எங்கள் வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது. ஆனால் ஏழு மாதமாக அதில் யாரும் படுக்கவில்லை. அதன்மேல் முப்பத்தொரு பிளாஸ்டிக் கவர்கள் குவிந்து கிடந்தன.

அம்மா நூம்பலில் எங்கள் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள். கார்த்திகை மாதம் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் இறந்துபோனாள். அவள் கவர்களில் எடுத்து வைத்த தையல் வேலை வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பா யாரையும் தொட விடவில்லை.

கட்டில் போனதால் எல்லாமே தரைக்கு வந்துவிட்டது. அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பைகள், மடிக்காத துணி, அப்பாவின் ஹெல்மெட். என் தம்பி தமிழ்வாணன் தையல் மிஷினுக்கு அடியில் கால் நீட்டித் தூங்குவான். வீட்டுப்பாடம் எழுத வாசல்படிதான். ஒருநாள் மழையில் நோட்டு நனைந்து, மிஸ்ஸிடம் திட்டு வாங்கினான்.

வெள்ளிக்கிழமை ஆவடியிலிருந்து சரசா அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. உள்ளே வந்தவள் உட்கார இடம் தேடினாள். கிடைக்கவில்லை.

"இன்னா தேவராஜி இது? ஊடா, குடோனா? கால் வைக்க எடம் கீதா பாரு."

அப்பா தன் ஹெல்மெட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"புள்ள எங்க குந்தி படிப்பான்? ஞாயித்துக்கெழம வரேன். தமிழ ஆவடிக்கு இட்டுகினு போறேன். அங்கியே ஸ்கூல்ல சேத்துடறேன்."

அப்பா அவளைத் தடுக்கவில்லை. எனக்கு அத்தைமேல் வந்த கோபத்தைவிட அப்பாமேல் வந்த கோபம்தான் அதிகம். தமிழ் அழவில்லை. தன் பென்சில்களை எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது.

"அப்பா, அந்தக் கவரையெல்லாம் எடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"அத்தத் தொடாத பிரியா. அது உங்கம்மா வேல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அவர் அம்பத்தூருக்கு வேலைக்குப் போனதும் நான் தொட்டேன். பயமாகத்தான் இருந்தது.

முதல் கவரில் ஒரு புதுத் துணி, அதோடு ஒரு பழைய அளவு ஜாக்கெட், ஒரு சீட்டு. சீட்டில் அம்மாவின் கோணல் எழுத்து: 'பச்சை கேட். கை நீளம் குறைக்கணும்.'

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது எதுவுமே அம்மாவுடையது இல்லை. ஊரார் துணி!

"தமிழு, வாடா. குடுத்துட்டு வந்துடலாம்."

"யார் யாருதுன்னு எப்டித் தெரியும்?"

அதுதான் சிக்கல். அம்மா சீட்டில் பெயர் எழுதவே மாட்டாள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று பவித்ரா அக்காக்கள். குழப்பம் வரும் என்று அவளே பட்டப்பெயர் வைத்துவிடுவாள்.

'பச்சை கேட்' சுலபம். 'ரெண்டு நாய்' வீட்டில் தமிழ் தெருவிலேயே நின்றுகொண்டான். 'இட்லி' என்ற கவரை இட்லிக்கடை பொன்னியம்மாவிடம் நீட்டினோம். அவர் அளவு ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தார்.

"இது என் ஒரு கைக்கே பத்தாதுடா கண்ணு."

தமிழ் யோசித்துவிட்டு என்னிடம், "அக்கா, புஸ்னு வெக்கிற கைய அம்மா இட்லி கைன்னுதான் சொல்லும்" என்றான். ஆமாம்! அப்படிக் கை வைத்துப் போடுவது காலேஜுக்குப் போகும் பவித்ரா அக்கா மட்டும்தான்.

'அவசரம்' யாரென்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஜெகதாம்பாள் அக்கா. இன்றைக்கே வேண்டும் என்று கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து வாங்க வருவார். கவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கேக்க மனசு வரல கண்ணு. அம்மா போன ஊட்ல வந்து, எந்துணி எங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

துணியை விரித்தார். தைத்து முடித்து, கொக்கி மட்டும் பாக்கி.

"சீட்டுல இன்னா எழுதிக்கீது?"

நான் மறைத்தேன். பிடுங்கிப் படித்தவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லா வீட்டிலும் அதே கதைதான். அவர்கள் கேட்கக் கூச்சப்பட்டார்கள். அப்பா கொடுக்க மனமில்லாமல் இருந்தார். நடுவில் கட்டில் மாட்டிக்கொண்டது.

சாயங்காலம் அப்பா வந்தபோது கட்டிலில் ஒரே ஒரு கவர்தான் இருந்தது. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"தொடாதன்னு சொன்னேனா இல்லியா?"

"அம்மாவோடது எதையும் தொடலப்பா. துணியெல்லாம் அவங்கவங்களுது. இதான் அம்மாவோடது."

சீட்டுகளை நீட்டினேன். எல்லாவற்றையும் திருப்பி வாங்கி வைத்திருந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். 'ரெண்டு நாய்' வந்தபோது லேசாகச் சிரித்தார். அப்புறம் தோள் குலுங்க அழுதார். ஏழு மாதத்தில் அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் தமிழும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டோம்.

"இந்தக் கடைசிக் கவர் மட்டும் யாருதுன்னே தெரியலப்பா."

அப்பா அந்தச் சீட்டைப் பார்த்தார். "நாளைக்கு அவளே வருவா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சரசா அத்தை செருப்பைக் கழற்றும்போதே, "தமிழு, கெளம்பிட்டியா?" என்றாள். நான் கவரை நீட்டினேன். உள்ளே ஊதா நிறத் துணி.

"இது பொங்கலுக்குன்னு நான் குடுத்தது. கேக்க வாய் வரல எனக்கு" என்றவள் சீட்டைப் பிரித்தாள்.

'கோவக்காரி. நல்ல மனசு. இவங்களுதை முதல்ல முடிக்கணும்.'

அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் தமிழ் குப்புறப் படுத்து, கால் இரண்டையும் முழுசாக நீட்டிக்கொண்டு கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். "அத்த, கொஞ்சம் தள்ளிக் குந்து. நோட்டு மேல கீற" என்றான்.

அத்தை தள்ளி உட்கார்ந்தாள். அவன் கட்டி வைத்திருந்த பையைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மதியம் ஆவடிக்குத் திரும்பிப் போக அவளைப் பூந்தமல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அவள் கையில் அந்த ஒரு கவர் மட்டும்தான் இருந்தது.