கூரைப்படத்தின் நடுப்புள்ளி

செவ்வாய்க் கிரகத்தில் விடிந்ததும் பல் துலக்குவதற்கு முன் கூரையில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாலாயிரம் பேரும் ஒரே கண்ணாடிக் கூரையின் கீழ் வாழும் ஊர் அது. கூரைமேல் ஊரும் பூச்சியந்திரங்கள் எடுக்கும் படம் காற்று அலுவலகத்து மேசைக்கணினிக்கு வரும்.

அன்று காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கோ விரிசல். இன்னும் ஆறு மணி நேரம்தான் தாங்கும். அங்கே நிரல் எழுதும் ரெஜினா சந்தேகப்பட்ட இடத்தை எட்டு மடங்கு பெருக்கினாள். அந்த இடமே திரையை விட்டு ஓடிப்போனது. காரணம் பழைய கதை. முதல் ஆளுநர் தன் வீட்டையே படத்தின் சுழிப்புள்ளியாக, அதாவது எல்லா அளவும் தொடங்கும் இடமாக, வைக்கச் சொல்லியிருந்தார். எதைப் பெருக்கினாலும் அவர் வீடு நகராது, மற்றதெல்லாம் விலகி ஓடும். சுழியை மாற்ற ஏழு பேர் ஒப்புதல் வேண்டும்.

"ஏழு கையெழுத்து வாங்குறதுக்குள்ள மூச்சு முட்டிரும்மா," என்றார் மேலாளர் அழகர்சாமி.

"சுழியை யார் சார் தொடப்போறா? அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

நிரலில் மூன்றே வரிகள் சேர்த்தாள். வேண்டிய புள்ளியைச் சுழிக்கு இழுத்து வா, பெருக்கு, வந்த தூரமே திருப்பிக் கொண்டுபோய் விடு. அவசரத்தில் முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு இழுத்தாள். படம் மறுபடி ஓடியது. விடுவேனா என்று வரிசையை மாற்றினாள். இப்போது விரல் வைத்த புள்ளி அசையாமல் நிற்க, சுற்றிலும் படம் விரிந்தது. 

அத்தனை பெரிய கூரையை ஒருத்தி தேடி முடியாது. திருத்திய படச் செயலியை எல்லா வீடுகளுக்கும் அனுப்பினாள். எட்டாயிரம் கண்கள் தேடினால் கிடைக்காமலா போகும்?

அரை மணி நேரம் ஆனது. ஒரு தகவலும் இல்லை. யார் யார் எங்கே பார்த்தார்கள் என்ற பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு நேர்மேலே நடுப்புள்ளி வைத்திருந்தார்கள். அப்புறம் பக்கத்து வீடு. சந்தைத் திடலுக்கு மேலே ஒரே ஒரு விரல்கூடப் படவில்லை.

ரெஜினா அங்கே விரலை வைத்தாள். பெருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. முழம் நீளத்துக்கு விரிசல் அப்படியே தெரிந்தது. ஒட்டுப்பசையோடு யந்திரங்கள் விரைந்தன.

"தினம் எல்லாரும் நடக்குற இடமாச்சே! ஒருத்தருமா பாக்கல? என்ன ஜனங்கம்மா இது!" என்று அழகர்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

ரெஜினா பதிவேட்டை மூடினாள். அதன் முதல் வரியில் இருந்தது: ரெஜினா, சொந்த வீடு எண் 17, எட்டு மடங்கு.