இருபத்து மூன்று கிலோ பொய்

நாற்காலி தானாக நடந்து வந்து நெற்றியில் மோதும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. கடைத் தரையில் மல்லாந்து படுத்து ஒரு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தவன் மேல், இன்னொன்று உருண்டு வந்து 'ணங்'கென்று இடித்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தபடி எழுந்தவன், திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டான்...

வாசலில் ஒருத்தி. மழைக்கு ஒதுங்கியவள். கூந்தல் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்துகொண்டிருக்க, பெரிய கண்கள் இரண்டும் வியப்பில் மின்னின. அந்தக் கண்கள் பார்த்தது அவனை அல்ல, நாற்காலியை. அதுதான் கொடுமை.

"ஒரு விரலாலதாங்க தொட்டேன்... கடைசி வரைக்கும் போயிடுச்சே," என்றாள்.

"போகும். நான் மாட்டின சக்கரம்," என்றான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

அலுவலக நாற்காலிகளைப் பழுது பார்க்கும் கடை அது. அவனும் அவன் அக்காவும் நடத்துகிறார்கள். பேசுவது அக்காவின் வேலை, சக்கரம் அவன் வேலை. வந்தவளோ தெருக்கோடிப் பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சராம். மறுநாள் காலை அவள் வகுப்பைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்களாம். உராய்வே இல்லாத இடத்தில் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இழுத்தால் என்ன ஆகும் என்பது பாடம். கரும்பலகையில் படம் போட்டு ஒப்பேற்றலாம் என்று இருந்தவளுக்கு, இந்த நாற்காலியைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. இரண்டு நாற்காலி, ஒரு கயிறு... ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவாளாம்.

சோதனை என்றதும் அவனுக்கு ரோஷம் வந்தது. கட்டம் கட்டமாக ஓடு பதித்த தரையில், இரண்டு நாற்காலிகளைப் பதினாறு கட்டம் தள்ளி எதிரெதிரே நிறுத்தினான். ஒன்றில் அவள், இன்னொன்றில் அவன், நடுவில் கயிறு.

யார் இழுத்தாலும் கயிறு இருவரையும் ஒரே அளவு விசையோடுதான் இழுக்கும் என்று அவள் விளக்கினாள். கனமானவர் கொஞ்சம் நகர்வார், லேசானவர் நிறைய நகர்வார். எடை தெரிந்தால், எந்தக் கட்டத்தில் சந்திப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

"நாற்காலி பன்னிரண்டு கிலோன்னு சொன்னீங்க. நான் நாப்பத்தெட்டு. நீங்க?"

கூச்சமே இல்லாமல் கேட்டுவிட்டாள். அவனுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதம் முன்பு கல்யாணப் பேச்சுக்குப் போன வீட்டில், உள்ளேயிருந்து ஒரு குரல், 'சோபா தாங்குமா?' என்று கேட்டுச் சிரித்தது இன்னும் அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இவளும் சிரித்துவிட்டால்?

"அறுபத்தஞ்சு," என்றான்.

மூலையில் அக்காவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தக் கதைதான்.

உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டாள். "நீங்க ஏழு கட்டம், நான் ஒன்பது," என்று கயிற்றை இழுத்தாள். சத்தமில்லாமல் தரை நழுவியது. அந்தக் கண்கள் கிட்ட வந்தன... இன்னும் கிட்ட... முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொண்டன. கட்டத்தை எண்ண அவனுக்கு எங்கே நினைவு? அவள் எண்ணினாள். அவன் ஆறு, அவள் பத்து.

இப்போது அவன் இழுத்தான். மறுபடியும் ஆறு, பத்து. நாற்காலியை மாற்றி உட்காரச் சொன்னாள். அப்போதும் அதே ஆறு, பத்து. அவள் அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"அப்ப சக்கரம் சரியில்லைன்னு வச்சுக்கலாமா? உராய்வு இருக்குன்னு?"

பேசினால் எடை வெளியே வரும். பேசாவிட்டால் சக்கரத்தின் மானம் போகும். மழை விட்டிருந்தது. அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, பரவாயில்லை, படமே வரைந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவள் தெருவில் பத்தடி போவதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது, போவது வாடிக்கையாளர் இல்லை என்று. செருப்புகூட மாட்டாமல் பின்னால் ஓடினான்.

"டீச்சர்! சக்கரத்துல தப்பில்ல. நான்தான் பொய் சொன்னேன். எண்பத்தெட்டு!"

எதிர்க்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் திரும்பினாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் தோற்றுப்போனாள்.

"தெரியும். நாற்காலி மாறுச்சு, கணக்கு மாறல. சக்கரத்துல கோளாறுன்னா அதுவும் மாறியிருக்கும். அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"பிறகு ஏன் கிளம்புனீங்க?"

"சக்கரத்தைக் காட்டிக் கொடுப்பீங்களா, உங்களைக் காட்டிக் கொடுப்பீங்களான்னு பார்க்கத்தான்..." குரல் இறங்கியது. "சரி, ஏன் குறைச்சுச் சொன்னீங்க?"

ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"வேற யாரு கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்டது நீங்க. வாசல்ல நின்னீங்களே, அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு. எங்க சிரிச்சிடுவீங்களோன்னு பயம்..."

அவள் சிரிக்கவில்லை. நனைந்த முகம் மெல்லச் சிவந்தது. நாளைக்கு வகுப்பில் எதிர் நாற்காலியில் அவன்தான் உட்கார வேண்டும், அறுபது பெண்கள் முன்னால் எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றாள். அவன் தலையாட்டினான். அதற்குள் இன்னும் ஓர் அடி அருகில் வந்திருந்தாள்.

"உண்மையான எடையைத்தான் சொல்லணும். எனக்கு எண்பத்தெட்டைத்தான் பிடிச்சிருக்கு... ஒரு கிலோகூடக் குறைய வேண்டாம்."