ஒருவர் தாண்டிய பின் ஒருவர்

சரிவின் நடுவில் சுன்னிவாவின் கால் பனிச்சறுக்குக் கட்டையோடு முழங்கால்வரை இறங்கியது. காலையில் இதே இடம் சிமெண்டுத் தரைபோல இறுகிக் கிடந்தது. இப்போது மே மாத வெயில் ஏறி, ஈரப் பனியின் வாசனை மூக்கை அடைக்க, அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

சற்றுமுன் அவள் கணவன் கௌத்தே சொல்லத்தான் செய்தான்.

“சுன்னி, பனி இளகிப்போச்சு. வந்த வழியே திரும்பிடலாமா?”

“ராத்திரி குடில்ல அத்தனை பேர் முன்னாடி இந்தச் சரிவைத் தாண்டிக் காட்டுறோம்னு பேசிட்டு, இப்ப வாலைச் சுருட்டிக்கிட்டுப் போறதா? பயந்தாங்கொள்ளி!”

“ஜம்பம் அடிச்சது நீ. மாட்டிக்கிட்டது நானா?” என்று சிரித்தான்.

இளகிய பனி இருவர் பாரத்தைத் தாங்காது என்று முதலில் அவள் மட்டும் தாண்டி, பாறையடியில் பத்திரமாகச் சேர்ந்தாள். இனி அவள் சறுக்குக் கோலைத் தூக்கினால் அவன் வரலாம். கைகளைக் குறுக்கே வைத்தால் வரக்கூடாது. எதிர்ப்பக்கம் சிவப்புச் சட்டையில் அவன் காத்து நின்றான்.

வரக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அப்படிக் காட்டினால் அவன் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். இரவு குடிலில் எல்லோரும் சிரிப்பார்கள். நினைக்கும்போதே மானம் போனது. கோலைத் தூக்கினாள்.

அவன் பாதி தூரம் வந்தபோது மலை நீளமாகப் பெருமூச்சு விட்டது. சரிவு முழுவதும் அவனோடு இறங்கிப்போய், அடங்கியது.

மார்பில் கட்டியிருந்த கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினாள். புதைந்தவனின் கருவி அனுப்பும் துடிப்பை அது பிடித்தது. அம்புக்குறி காட்டிய இடத்துக்கு ஓடி விழுந்தாள். பீப். பீப். ஒரு மீட்டர் ஆழம். மண்வாரியால் தோண்டினாள். வெட்கங்கெட்டவள், வெட்கங்கெட்டவள் என்று தன்னையே திட்டிக்கொண்டு தோண்டினாள்.

மூச்சு வாங்க நிமிர்ந்தாள்.

எதிர்ப்பக்கம் கௌத்தே நின்றுகொண்டிருந்தான். அதே சிவப்புச் சட்டை. கோலை ஊன்றி, அவள் கைகாட்டக் காத்துக்கொண்டு.

கீழே பீப். மேலே அவன்.

“வரட்டுமா, சுன்னி?”

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது. கைகளைக் குறுக்கே வைத்தாள்.

“வராதே! நீ சொன்னதுதான் சரி. திரும்பிப் போயிடு!”

அவன் தலையாட்டினான். திரும்பினான். ஓரடி எடுத்து வைத்தான்.

கருவியில் ஒரு மீட்டர், மூன்றானது.

“இல்ல! கௌத்தே, நில்லு! போகாதே!”

ஏழு. பதினைந்து. அம்புக்குறி குழியை விட்டு விலகி, மெல்ல அவன் போகும் பக்கம் திரும்பியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பீப் ஒலி தேய்ந்தது. சிவப்புச் சட்டை முகட்டுக்கு அப்பால் இறங்கியது.

அவள் குழிக்குள் பாய்ந்து கைகளால் தோண்டினாள். பனி. பனி. அதற்கடியில், யாரும் படுத்த தடம்கூட இல்லாத, போன வருஷத்துப் புல்.