கல் உருளும் சத்தம்

கௌஸ் வீட்டின் தரைப்பலகைக்குக் கீழே யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, ஒரு தட்டு.

கிள்ளான் ஆற்றோரம் மரக்கால்களின் மேல் நிற்கிற வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் ஏறும்போது கால்களைத் தொட்டுச் சளக் சளக்கென்று பேசும், வற்றும்போது நண்டுகள் சேற்றைக் கொறிக்கும், மழைக்காற்று அடித்தால் கட்டிப்போட்ட சம்பான் படகுகள் ஒன்றையொன்று இடித்து முனகும். அதெல்லாம் அவன் காதுக்குப் பழகியது. இது மரத்தை மரத்தால் தட்டும் சத்தம். தட்டத் தெரிந்த கை.

மக்ரிப் தொழுகைக்குப் பிந்திய மங்கிய வெளிச்சத்தில் விளக்கோடு கீழே இறங்கிப் பார்த்தான். ஆறு வற்றிக் கிடந்தது. மெழுகிவிட்டது போன்ற சேற்றில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. ஆனால் குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சும் வாசனை கனமாக நின்றது. படகுக்குப் பலகை இடுக்கு அடைக்கிறவர்கள் காய்ச்சுவது. தலைக்குத் தடவக்கூட எண்ணெய் கிடைக்காத ஊரில் யார் படகுக்குக் காய்ச்சுகிறார்கள்?

“யாருங்க அது?” மேலிருந்து அவன் மனைவி சுலைகா கேட்டாள்.

“யாருமில்ல. நண்டு.”

“நண்டா? என் தம்பி தட்டுற மாதிரியே இருந்துச்சு.”

அவளை லாத்தா என்று கூப்பிடும் தம்பி முத்து முகம்மது, கௌஸின் தொங்கான் என்ற சரக்குப் படகில் இடுக்கு அடைக்கும் வேலை பார்த்தவன். இரண்டு வருடத்துக்கு முன் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது காணாமல் போனான். சண்டை முடிந்து, போன மாதம்தான் ஜப்பான்காரன் பணிந்தான். சயாமில் சாகாமல் மிஞ்சியவர்கள் தோலும் எலும்புமாக ரயிலிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். சுலைகா தினமும் ஸ்டேஷனுக்குப் போய், ஒவ்வொரு எலும்புக்கூட்டின் முகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். நம்பிக்கைக்கு மட்டும் ஜப்பான்காரன் ஆண்ட மூன்று வருடத்திலும் ரேஷன் கிடையாது.

“முழுக வச்ச தொங்கானை நாளைக்குத் தூக்கிடுவீங்கல்ல? தம்பி வந்தா அவனுக்கு வேலை வேணும்” என்றாள்.

கௌஸ் விளக்கை மாட்டிவிட்டு, காலில் ஒட்டிய சேற்றைக் கழுவினான்.

தொங்கான்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பலகை காய்ந்து வெடிக்காமலிருக்க, வேலையில்லாத காலத்தில் தொங்கானைச் சேற்றோரம் முழுகவைப்பார்கள். அடியில் இருக்கும் தக்கையைப் பிடுங்கினால் தானாக முழுகும். ஆனால் பிடுங்குமுன் படகுத் தலைவனான தண்டல் பின்புறத்திலிருந்து முன்புறம்வரை மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே வரவேண்டும். இரண்டு, நிறுத்தி, ஒன்று. “உள்ள ஆள் இருக்கா?” என்று கூப்பிடவேண்டும். படகாள் எந்தப் பொந்தில் தூங்குவான் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். உள்ளே இருப்பவன் அதே கணக்கில் திருப்பித் தட்டுவான். தட்டாத தண்டல் தண்டலே இல்லை.

கௌஸ் ஒரே ஒரு தடவை தட்டவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், சயாமுக்கு ஆள் பிடித்த அதே நாளில், ஜப்பான்காரன் படகுகளையும் பிடுங்கிக்கொண்டிருந்தான். தொங்கானைக் காப்பாற்ற, கௌஸும் கூலியாள் அய்யாவும் அதை நீப்பாப் பனங்காட்டு ஓடைக்குள் தள்ளிக்கொண்டுபோய், மிதந்துவிடாமலிருக்க முன்னறை மூடியின்மேல் கற்களை அடுக்கினார்கள். ஆற்றில் ரோந்துப் படகின் எஞ்சின் சத்தம் நெருங்கியது. மரத்தைத் தட்டினால் தண்ணீர் வழியே அக்கரைவரை கேட்கும். கௌஸ் தக்கையைப் பிடுங்கச் சொல்லிச் சைகை காட்டினான்.

தண்ணீர் பாதி ஏறியபோது, உள்ளேயிருந்து மெல்ல ஒரு சத்தம்.

“தண்டல், உள்ள என்னமோ தட்டுது” என்று அய்யாவு கிசுகிசுத்தான்.

“கல்லு உருளுதுடா. சும்மா இரு.”

காது கேட்டது, மனம்தான் கேட்க மாட்டேன் என்றது. தலைக்குமேல் கத்தி தொங்கும்போது மனிதனுக்கு எதையும் நம்பத் தெரியும்.

வீட்டுத் தரைக்குக் கீழே தட்டியதற்கு மறுநாள், ஓடை வற்றியபோது தொங்கான் சேற்றிலிருந்து முதுகைக் காட்டியது. அய்யாவு தக்கையை அறைந்து அடைத்து, தண்ணீரை இறைத்தான். மூடிமேலிருந்த கற்கள் வைத்தது வைத்தபடி பாசி பிடித்து இருந்தன. ஒன்றொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு மூடியைப் புரட்டினார்கள்.

உள்ளே கௌஸ் பயந்தது இல்லை. எலும்பு இல்லை, உடுத்திய துணி இல்லை. முழங்கால் அளவு சேறு. சேற்றில் ஒரு மரச்சுத்தி. ஓரத்தில் நீலப்பூப் போட்ட ஒரு மங்குக் கிண்ணம், சுலைகாவின் மங்கு, மேலே கட்டிய துணியின் முடிச்சு அவிழாமல்.

அய்யாவு மூடியின் அடிப்பக்கத்தைத் தடவிக் காட்டினான். சுத்தி பதித்த பள்ளங்கள். இரண்டு, இடைவெளி, ஒன்று. இரண்டு, இடைவெளி, ஒன்று. பலகை முழுக்க.

“ஆளு எங்க தண்டல்? கல்லு அசையவே இல்லையே. எப்படி வெளிய போனான்?”

கௌஸ் மங்குக் கிண்ணத்தை எடுத்து ஓடையில் வீசினான்.

“சுலைகா அக்காகிட்ட சொல்லிடுங்க” என்றான் அய்யாவு. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கூலிகூடக் கேட்காமல் காட்டு வழியே ஓடினான்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கி, மழையும் பிடித்துக்கொண்டது. சுலைகா மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

“தொங்கான் எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு.”

“உள்ள எதுவும் இருந்துச்சா?”

“என்ன இருக்கும்?”

அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “ஆள் பிடிச்ச அன்னிக்கு அவனை நான்தான் ஒளியச் சொன்னேன். எங்கேன்னு என்கிட்டயும் சொல்லாதே, மச்சான்கிட்டயும் சொல்லாதே, ஜப்பான்காரன் அடிச்சா அவரு சொல்லிடுவாருன்னு சொல்லி, மங்குல கிழங்கைக் கட்டிக் கொடுத்தேன். இத்தனை நாள் மனசுக்குள்ளயே வச்சிருந்தேன்.”

இந்த மண்ணில் சுலைகாவைத் தவிர கௌஸுக்கு யாரும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவள் போய்விடுவாள், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றால் அந்த வீட்டில் சோறும் இல்லை.

அப்போது பின்கட்டில் தட்டியது.

இரண்டு. ஒன்று.

பிறகு அடுத்த தூணில். பிறகு அதற்கடுத்த தூணில். வீட்டைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், பின்புறத்திலிருந்து முன்புறம் நோக்கி. ஈரத்தில் ஊறிய குங்கிலிய வாசனை பலகை இடுக்குகள் வழியே மேலே வந்தது.

கௌஸுக்குப் புரிந்துவிட்டது. வழக்கம் தப்பாமல் வருகிறான். தட்டிவிட்டுத்தான் தக்கையைப் பிடுங்குவான்.

“சுலைகா, வா, வெளிய போயிடலாம்.”

“இந்த மழையிலயா? எதுக்கு?”

எதுக்கு. அதைத்தான் சொல்ல முடியவில்லை.

தட்டல் வாசலுக்கு வந்து நின்றது. மழைக்கு நடுவில் ஒரு குரல், தண்ணீர் குடித்துக் கனத்த குரல், கேட்டது:

“உள்ள ஆள் இருக்கா?”

சுலைகாவின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. “தம்பி!” ஓடினாள். கதவைத் திறந்தாள். படியில் தடதடவென்று இறங்கும் சத்தம். “வந்துட்டியாடா! அல்லா, வந்துட்டியாடா!”

குரல் இன்னொரு தடவை கேட்டது. “உள்ள ஆள் இருக்கா?”

இருக்கேன் என்று ஒரு சொல். மன்னிச்சிடு என்று ஒரு சொல். சொன்னால் போதும், ஆனால் சுலைகாவின் காதில் விழும். கௌஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, அசையாமல் நின்றான். அன்று ரோந்துப் படகுக்குப் பயந்து நின்ற மாதிரியே.

கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினான். அசையவில்லை. பலகை ஊதிப்போய் நிலையோடு ஒட்டிவிட்டது.

தலைக்குமேல் அத்தாப்பு ஓலைக் கூரையில் எதுவோ கனமாக உட்கார்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. யாரோ நிதானமாக அடுக்கினார்கள்.

விளக்கொளியில் தரையைப் பார்த்தான். நடுப்பலகையில் வட்டமாக ஒரு துளை. நேற்று இல்லாதது. அதன் வழியே தண்ணீர் குமிழியிட்டு ஏறியது. கணுக்கால். கறுத்த தண்ணீர். முழங்கால். விளக்கு மிதந்தது. அணைந்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. உப்பும் சேறும்தான் வந்தன.

இருட்டில் கையை மடக்கிச் சுவரில் தட்டினான். இரண்டு. ஒன்று. இரண்டு. ஒன்று.

வெளியே சுலைகாவின் குரல் கேட்டது, மிக அருகில், சுவருக்கு அந்தப் பக்கம்.

“உள்ள என்னடா அது, என்னமோ தட்டுது?”

“கல்லு உருளுது லாத்தா” என்றான் தம்பி. “வா, போகலாம்.”