பெயர் எழுதாத அட்டைகள்

திங்கட்கிழமை, காலை ஏழே முக்கால்.

சாப்பாட்டு அறை மேசையில் பச்சைப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பூட்டை யாரோ நெம்பி உடைத்திருந்தார்கள். உள்ளே ஒரு அட்டைகூட இல்லை.

மார்னி லிண்ட்வால் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மனிதவளத் துறைக்கு அவள் தலைவி. "பேர் போட வேணாம். மனசுல இருக்கறதை அட்டையில எழுதி இந்தப் பெட்டியில போடுங்க. திங்கட்கிழமை ரெண்டு மணிக்கு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை மாத்தாம படிக்கிறேன்" என்று ஊழியர்களுக்கு வாக்குக் கொடுத்தவளும் அவள்தான். கணினியில் கருத்துக் கேட்டால் யாரும் உண்மையை எழுதுவதில்லை. எழுதியது யார் என்று மேலே தெரிந்துவிடும் என்ற பயம். அதனால்தான் பெட்டியும் பென்சிலும்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் வாங்கி வைத்த டோனட் டப்பா பெட்டிக்குப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கத்தி மட்டும். அன்று சாயங்காலம் கடைசியாகக் கிளம்பியது மார்னிதான். அப்போது பெட்டியை ஆட்டிப் பார்த்தாள், அட்டைகள் சலசலத்தன. டப்பாவில் விரல் அகலத்துக்கு ஒரு மேப்பிள் டோனட் துண்டு மிச்சமிருந்தது. இப்போது அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் டப்பாவை மடக்கி, வழிந்துகொண்டிருந்த குப்பைத்தொட்டியில் திணித்தாள். துப்புரவு ஆட்கள் வார இறுதியில் வருவதில்லை.

நிறுவனத்தின் தலைவர் டக் ஹால்வர்சன் உள்ளே வந்தார். உடைந்த பூட்டைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்.

"நேத்தைக்கு இன்னைக்குக் குளிர் பரவாயில்லை, இல்ல?"

"டக், பெட்டியை உடைச்சிருக்காங்க."

"தெரியுது. காவலாளிகிட்ட கேட்டுட்டுத்தான் வரேன். சனி, ஞாயிறு ரெண்டு நாள்லயும் ஒரே ஒரு ஐடி கார்டுதான் கதவைத் திறந்திருக்கு. யெர் மோவாவோடது."

மார்னி நின்றாள். யெரா? பதினோரு வருஷமாக இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஒரு நாள் குரலை உயர்த்திப் பேசியதில்லை. இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். காப்பீட்டு நிறுவனத்திலேயே வேலை பார்த்தாலும் அதுதான் கதை.

"ஏதோ சூடா எழுதிப் போட்டிருப்பா. அப்புறம் பயந்து திருப்பி எடுத்திருப்பா. நல்ல பொண்ணுதான். ஆனா பூட்டை உடைச்சா உடைச்சதுதானே. மதியத்துக்குள்ள முடிச்சிடலாம் மார்னி" என்றார் டக். யாரையும் வேலையிலிருந்து நீக்கும்போது அவர் 'முடிச்சிடலாம்' என்றுதான் சொல்வார்.

காலை ஒன்பது மணி. கண்ணாடி அறை.

நடுவில் ஒரு தட்டு. தட்டில் எலுமிச்சை கேக் ஒரே ஒரு துண்டு. யெர் வயிற்றின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துக்கோ" என்றார் டக்.

"ஐயோ, வேணாம்."

"சும்மா எடும்மா."

"இல்ல, நீங்க சாப்பிடுங்க."

"அட, எடு."

மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் யெர் கத்தியால் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாள். டக் மிச்சத்தில் பாதியை எடுத்தார். அதற்கப்புறம் டக் கேட்டார்:

"சனிக்கிழமை வந்தியா?"

"வந்தேன்."

"எதுக்கு?"

"வேலை தேங்கிக் கிடக்கு. யாருக்கும் தனி மேசை கிடையாதுன்னு எல்லாத்தையும் பொதுவாக்கினதுலேருந்து எட்டு மணிக்கு முன்னாடி வரலைன்னா உட்கார இடம் கிடையாது. வாரத்துல ரெண்டு நாள் சாப்பாட்டு அறையில உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை காலியா இருக்கும்னு வந்தேன்."

"உள்ள வேற யாரையாவது பார்த்தியா?"

"இல்ல."

"அப்ப அட்டையை எடுத்தது?"

"நான் எடுக்கலை." அவள் நிமிர்ந்து மார்னியைப் பார்த்தாள். "சத்தியமா எடுக்கலை."

டக் தட்டைப் பார்த்தார். மார்னி மேசைக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஊழியர் மனம் குளிர அவளும் என்னென்னவோ செய்து பார்த்தவள்தான்: பீட்சா மதியம், பிங்பாங் மேசை. உட்கார நாற்காலி இல்லாதவளுக்குப் பிங்பாங் எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

கதவைத் தட்டாமலே ட்ரெண்ட் கால்ஹூன் நுழைந்தார். டல்லஸ்காரர். அலுவலகத்தையே மாற்றிக் காட்டுகிறேன் என்று ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்த ஆலோசகர். மேசைகளைப் பொதுவாக்கியது அவர் யோசனை. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது பிடித்திருக்கிறது என்று சிகாகோவில் இருக்கும் முதலாளிகளுக்கு எழுதியதும் அவர்தான். ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று அவர்கள் இந்த வாரம் முடிவு செய்யப்போகிறார்கள்.

"வியாழக்கிழமை ராத்திரி ஊருக்குப் போனவன், நேரா ஏர்போர்ட்லேருந்து வரேன். டல்லஸ்ல வெறும் சட்டையோட திரிஞ்சேன். இங்க மூச்சே உறையுது! என்னமோ திருட்டுப் போச்சாமே?" என்று சொல்லிக்கொண்டே தட்டில் இருந்த மிச்சத் துண்டை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்று பேரும் காலித் தட்டைப் பார்த்தார்கள். இப்படி எடுத்தவரைத் தட்டிக் கேட்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை.

மார்னியின் கால் ஆடுவது நின்றது.

"யெர், ஒரு நிமிஷம் வெளியில வா."

நடைபாதையில் மார்னி தணிந்த குரலில் கேட்டாள். "உள்ள யாரையும் பார்க்கலைன்னு சொன்ன. சரி. வெளியில? நீ யாருக்காவது கதவைப் பிடிச்சியா?"

யெர் விழித்தாள். "பிடிக்காம எப்படி? பின்னாடியே ஒரு ஆள், ரெண்டு கையிலயும் பெரிய பார்சல் பெட்டிகளை அடுக்கிட்டு வந்தாரு. அந்தக் குளிர்ல முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்த முடியுமா? 'தாங்க்ஸ்'னு சொல்லிட்டு லிஃப்டுக்குப் போனாரு. நான் மாடிப்படி ஏறினேன்."

"யாரு?"

"தொப்பி, மஃப்ளர், கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. அந்தக் குளிர்ல எல்லாரும் அப்படித்தானே."

"அடிப்பாவி! இதை ஏன் டக்கிட்ட சொல்லலை?"

"முகமே தெரியாத ஆள் மேல எப்படிப் பழி போடறது? அது தப்பில்லையா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். மார்னிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

இருவரும் திரும்பி உள்ளே வந்தார்கள். மார்னி காலித் தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"இனிமே அந்த மூலைக் கடையில டோனட் வாங்கறதில்லைன்னு இருக்கேன் டக். வெள்ளிக்கிழமை வாங்கினேன், ஒண்ணும் சரியில்லை."

"அப்படியா? நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் டக்.

"நல்லாவா?" ட்ரெண்ட் சிரித்தார். "அந்த மேப்பிள் டோனட் கல்லு மாதிரி இருந்துச்சு!"

நுணலும் தன் வாயால் கெடும்.

"எப்ப சாப்பிட்டீங்க?" என்றாள் மார்னி.

"எப்பவோ... போன வாரம்."

"நான் வாங்கினது வெள்ளிக்கிழமை காலையில. நீங்க வியாழக்கிழமை ராத்திரியே டல்லஸ் போயிட்டீங்க."

ட்ரெண்டின் சிரிப்பு பாதியில் நின்றது.

"டக், நாம டோனட்டை எப்படிச் சாப்பிடுவோம்? கடைசி ஒண்ணை யாரும் முழுசா எடுக்க மாட்டோம். ஒருத்தர் பாதி வெட்டுவார், அடுத்தவர் அதுல பாதி. விரல் அகலத் துண்டு திங்கட்கிழமை வரைக்கும் காஞ்சுபோய்க் கிடக்கும். இங்க வளர்ந்த யாரும் அதை எடுத்து வாயில போட மாட்டாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தத் துண்டு இருந்துச்சு. இன்னைக்குக் காலையில இல்லை. டப்பா மட்டும் அங்கயே கிடந்துச்சு. யெர் இந்த ஊர் கிழக்குப் பக்கத்துல வளர்ந்தவ. நீங்க வற்புறுத்தியும் ஒரு மூலையைத்தான் வெட்டினா. இவர் வந்தார், மிச்சத்தை முழுங்கினார். நம்ம ஆபீஸ்ல வெளியூர்க்காரர் இவர் ஒருத்தர்தான்."

"ஒரு கேக் துண்டை வெச்சு என்னைத் திருடன்னு சொல்றியா?" என்று ட்ரெண்ட் எகிறினார்.

"கேக் எனக்குச் சந்தேகத்தைத்தான் குடுத்துச்சு. டோனட்டைப் பத்திச் சொன்னது நீங்க. உங்க ஐடி கார்டு வார நாள்ல மட்டும்தான் கதவைத் திறக்கும். ஆனா ரெண்டு கையும் நிறைய காலிப் பெட்டியோட நின்னா, மினசோட்டாவுல எவனும் கதவைப் பிடிக்காம போக மாட்டான். அது மட்டும் இந்த ஊரைப் பத்தி நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. அட்டைகளைப் படிச்சா, பத்துல ஒன்பதுன்னு நீங்க எழுதினது பொய்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். எங்க வெச்சிருக்கீங்க?"

ட்ரெண்ட் டக்கைப் பார்த்தார். டக் ஜன்னலைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக ஒரு மனிதனை நேருக்கு நேர் பார்த்தார்.

"வாடகைக் காருல இருக்கு" என்றார் ட்ரெண்ட். "கையெழுத்தை வெச்சு யாரு யாருன்னு கண்டுபிடிக்கலாம்னு..." மேற்கொண்டு சொல்லவில்லை.

மதியம் ஒன்றே முக்கால். அதே கண்ணாடி அறை.

ட்ரெண்ட் போய்விட்டார். அட்டைகள் மார்னியின் கையில் இருந்தன. கூடத்தில் ஊழியர்கள் கூடிவிட்டார்கள். டக் யெரிடம் வந்தார். "எல்லாம் சரியாப் போச்சு. மனசுல வெச்சுக்காதே, என்ன?" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குள் போனார்.

யெர் மார்னியைப் பார்த்தாள்.

"காலையில நான் எடுக்கலைன்னு சொன்னேன். பதினோரு வருஷம் வேலை பார்த்தவ சொன்னேன். அது பத்தலை, இல்ல?"

மார்னிக்குப் பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"பத்தலை. நானும் முழுசா நம்பலை. மன்னிச்சிடு."

"ட்ரெண்ட் மட்டும் வாயைத் திறக்காம இருந்திருந்தா, இந்நேரம் என் பையைக் கையில குடுத்து வாசல்ல நிறுத்தியிருப்பீங்க."

"ஆமா."

"நான் எங்கயும் போகப் போறதில்லை மார்னி. குழந்தையை வெச்சுக்கிட்டு எங்க போறது? ஆனா இனிமே எனக்கு அட்டை குடுக்காதீங்க. பேரை மறைச்சு எழுதினாத்தான் கேப்பீங்கன்னா, அந்தப் பேருக்கு இங்க என்ன மரியாதை?"

கூடத்திலிருந்து டக் எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மார்னி அட்டைக்கட்டை அவர் கையில் கொடுத்து, "ஆரம்பிக்க வேணாம், காத்திருங்க" என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, யெரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் தானும் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு."

யெர் சொல்லத் தொடங்கினாள். கூட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கவில்லை.